கனமான கச்சா எண்ணெயின் உள்ளமைப்பு



குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துப் பலோல் வயலில் கிடைக்கும் கச்சா எண்ணெய் பாகுபோல் தடித்தது. எளிதில் கிணற்றை நோக்கி ஓடி வாராது. இத்தகைய கனமான எண்ணெயின் தடிப்புக்கு முக்கியக் காரணம் அஸ்பால்ட்டீன் என்னும் கூறாகும். அது ஹெப்டேனில் கரையாது, டொலுவீனில் கரையும். கார்பன் வளையங்கள் பல இணைந்த அதன் மூலக்கூறுகள், தட்டுகளை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அதில் செறிந்துள்ள நிக்கலும் வனேடியமும் சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கிகளைச் செயலிழக்கச் செய்கின்றன.

பலோலில் 1990இல் ஒரு சோதனை தொடங்கிற்று. காற்றைச் செலுத்தி, நிலத்தடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்குவதே அதன் நோக்கம். அங்கு எரிவது பெரும்பாலும் கனமான கூறுகள் சிதைந்து விட்டுச்செல்லும் கரியே. தடையாய் நின்றதே எரிபொருளாகிறது! எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாம், இவ்வமைப்பறிவை வளர்த்தல் இன்றியமையாதது.