டிராக் பாடுகிறவரின் பங்கு



இசையிலும் திரைக்கலையிலும் இன்று பட்டம் பெறும் செல்வங்களே, 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். பாடகர் பம்பா பாக்யா 2022-இல் காலமானார். சாகுல் ஹமீது 1997-இலேயே போய்விட்டார். 2024-இல் ஏ.ஐ. வழியே இருவரும் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை, 'கோட்' படத்தில் தம்பி யுவன் ஒலிக்கச் செய்தார். அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன்.

இதையெல்லாம் 'கம்ப்யூட்டர் பாடிவிட்டது' என்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோக்களில் இப்போது புழங்கும் குரல்மாற்று முறையில், முதலில் ஒருவர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாடியாக வேண்டும். எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விடுவது, எந்த ஸ்வரத்தை அசைப்பது எல்லாம் அவர் வேலை. ஏ.ஐ. அதன்மேல் இன்னொருவரின் குரலை ஏற்றுகிறது, அவ்வளவே.

இப்படி மாதிரிக்காக முதலில் பாடிவைப்பதைத்தான் டிராக் பாடுவது என்பார்கள்; அது நம் சினிமாவில் பழைய வழக்கம். முன்பெல்லாம் பெரிய பாடகர் வந்து, அதைக் கேட்டுவிட்டுத் தன் மூச்சில் புதிதாகப் பாடுவார். இப்போது டிராக் பாடியவரின் சங்கதிகள் அப்படியே படத்தில் இருக்கின்றன. குரல் மட்டும் அவருடையது இல்லை. மறைந்தவரின் வீட்டில் அனுமதி கேட்கிறோம், அது பெரிய விஷயம். உயிரோடு இருக்கும் இந்தப் பாடகருக்கு என்ன பங்கு என்ற பேச்சு இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. உங்களில் பலருக்குக் கிடைக்கப்போகும் முதல் வேலை டிராக் பாடுவதுதான் என்பதால் சொல்கிறேன்.

முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஹாலி ஹெர்ண்டன் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் 2021-இல் தன் குரலையே 'ஹாலி பிளஸ்' என்று ஏ.ஐ. மாடலாக்கி, யாரும் அதில் பாடலாம் என்று திறந்துவிட்டார். நிபந்தனைகளை வகுத்தவரும் அவரே. தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படத்துக்கு நடந்தது வேறு. 2025-இல் ஏ.ஐ. கொண்டு முடிவை மாற்றி மறுபடி வெளியிட்டபோது, இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் பகிரங்கமாக எதிர்த்தார்கள். உரிமை தன்னிடம் இருக்கிறது என்றது தயாரிப்பு நிறுவனம். படம் திரைக்கு வந்தது.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 'எக்காலத்துக்கும், இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்' என்ற வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடுங்கள். குரலை மாடலாக்கத் தனி அனுமதி, தனி ஊதியம், டைட்டிலில் பெயர் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஹாலிவுட் நடிகர்களே 2023-இல் 118 நாள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்துதான், டிஜிட்டல் நகலுக்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். அதனால் இன்று வீட்டுக்குப் போகுமுன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை டிராக் பாடக் கூப்பிட்டால் என்ன கேட்டீர்கள், என்ன கொடுத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்.