பதவி ஓர் அமானிதம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நேற்றுவரை சக ஊழியராக இருந்த ஓர் இளைஞர் இன்று முகாமையாளராக நியமிக்கப்படுகிறார். வீட்டார் ஷுக்ர் செய்கின்றனர். எனினும் அப்பதவி ஓர் அமானிதம். தமக்குக் கீழுள்ளோர் குறித்து அவர் மறுமையில் விசாரிக்கப்படுவார்.

அவரது முதற் சோதனை, கீழுள்ள ஒருவர் தவறிழைக்கும் நாளில் வருகிறது. மேலதிகாரி காரணம் கேட்கும்போது, "தவறு அவருடையது" என விரல் நீட்டித் தப்பிக்கொள்வது இலகு. ஆயின், அன்றே ஊழியரின் உள்ளம் அவரை விட்டும் விலகிவிடும்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டின் உஹத் யுத்தத்தைச் சிந்தியுங்கள். இடம் விட்டு அகல வேண்டாமென நபியவர்கள் குன்றின் மீது நிறுத்திய 50 வில்வீரர்களுள் பெரும்பாலோர், வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதிக் கீழிறங்கினர். அதன் விளைவாக நிலைமை தலைகீழாயிற்று. சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள், நபியவர்களும் காயமுற்றார்கள்.

இதன் பின் அருளப்பெற்ற ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், நபியவர்களின் மென்மையை இறையருள் என்கிறது. அவர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருமாறும், காரியங்களில் அவர்களோடு மஷூரா செய்யுமாறும் பணிக்கிறது. தவறியவர்கள் ஆலோசனை சபையிலிருந்து விலக்கப்படவில்லை!

மென்மை என்பது தவறை மறைப்பதன்று. அதே அத்தியாயத்தின் 152ஆம் வசனம் அத்தவறையும் எடுத்துரைக்கிறது. ஆகவே, தவறைத் தனிமையில் திருத்துங்கள். பிறர் முன்னிலையில் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொறுப்பிலுள்ளோர் மீது சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்த வேண்டாம், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்திலான நபிமொழி, அபூதர் (ரழி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மாத முடிவில் கணக்குகள் குவிந்தால், ஊழியரை விட்டுவிட்டு முதல் ஆளாய் வீடு செல்லாதீர்கள். அருகிலமர்ந்து உதவுங்கள். அவர் முஸ்லிமாயினும் சிங்களவராயினும் தமிழராயினும் நீதி ஒன்றே. அவர் இஸ்லாத்தைக் காண்பது உங்கள் நடத்தையிலேயே.

பெற்றோர்களே! சம்பள உயர்வை மட்டும் விசாரியாதீர்கள். "மகனே, உமக்குக் கீழுள்ளவர்கள் இன்று மனநிறைவோடு வீடு சென்றார்களா?" என்றும் வினவுங்கள்.

அமானிதம் பேணுவோராக அல்லாஹ் எம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.