சுவரில் இருக்கும்போதே பார்ப்போம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி எழுப்பிய கண்ணாடி மண்டபம் 1684-ல் முடிந்தது. அதன் கூரை முழுக்க மன்னரின் வெற்றிகளை லெ பிரன் தீட்டினார். இன்று சேத்தூர்த் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் அதைப் பார்க்கிறேன். அசந்துதான் போனேன்!

ஆனா நம்ம பக்கத்து இராமநாதபுரம்? இராமலிங்க விலாசத்தில், பதினெட்டாம் நூற்றாண்டுச் சேதுபதி தம் போர்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அம்பாளிடம் செங்கோல் வாங்குகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? சுண்ணாம்புப் பூச்சு ஈரம் பட்டால் உதிரும். உதிர்ந்தது திரும்பாது.

படமெடுத்து வைத்தால் போதாதா என்பீர்கள். என் வீட்டில் தாத்தாவின் பழைய படம் ஒன்று உண்டு. பக்கத்தில் நிற்பவர் யாரென்று சொல்ல இன்று ஆளில்லை. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு இருப்பதால்தான் அவை ஆராய்ச்சிக்கு உதவுகின்றன.

எனவே இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பழைய கட்டடத்தைப் படமெடுங்கள். ஊர், தேதி, விவரம் எழுதுங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளை ஒருமுறை அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி, கதையைச் சொல்லுங்கள். கணினி படத்தைக் காக்கும். கதையை நாம்தானே காக்கணும்!