வெள்ளம் வந்த ஊரும் விலை பேசப்பட்ட மண்ணும்

(அரசியற் கல்வி வகுப்பொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் ஊரின் வழக்கை உங்கள் முன் எடுத்துரைக்க வந்துள்ளேன். அவ்வூரின் பெயர் பிரின்ஸ்வில். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்தில், தார்பரோ என்னும் நகருக்கு எதிர்க்கரையில், தார் ஆற்றின் ஓரமாக அது அமைந்திருக்கின்றது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஆயிரத்து இருநூற்றைம்பது பேருக்குச் சற்று மேல். நம் நாட்டில் ஒரு கிராமத்தின் அளவுதான்.

புயலும் வெள்ளமும் நாம் அறியாதவை அல்ல. அவை வந்து போனபின் ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அமைதி கொள்வது ஆட்சியாளர் வழக்கம். மழையைப் பெய்விப்பது இயற்கைதான்; மறுப்பாரில்லை. ஆனால் அம்மழைநீர் வந்து தேங்கும் பள்ளத்தில் எந்த மக்கள் குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே குடியேறினார்கள், அவர்களைக் காக்கும் அணைக்கு எவர் எந்தக் கணக்கைப் பார்த்துப் பணம் ஒதுக்குகிறார் என்பனவெல்லாம் மனிதர் செய்தவை; மனிதர் இயற்றிய சட்டங்களால் நடப்பவை. இதனைப் பிரின்ஸ்வில்லைப் போலத் தெளிவாகக் காட்டும் ஊர் பிறிதொன்றை நான் அறியேன்.

விடுதலைக் குன்று

1865ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். தார்பரோவின் சுற்றுப்புறத் தோட்டங்களில் உழைத்தவர்கள், ஆற்றின் மறுகரையில் வட மாநிலப் படையினர் பாசறை அமைத்திருந்த இடத்தை நாடிச் சென்று, அங்கேயே குடிசைகள் கட்டினர். தங்களுக்கு விடுதலைச் செய்தி கிடைத்த சிறு மேட்டின் நினைவாக, அவ்விடத்திற்கு ‘விடுதலைக் குன்று’ என்று பெயரிட்டனர். மேடு சிறிது, சுற்றியிருந்த பள்ளமோ பெரிது.

மேட்டு நிலத்தை அவர்கள் ஏன் நாடவில்லை என்று கேட்கலாம். மேட்டு நிலம் முழுவதும் முன்னாள் எசமானர்களின் கையில் இருந்தது. விடுதலை பெற்றவனுக்குச் சட்டம் உடலைக் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. ஆறு பெருகும்போதெல்லாம் நீரில் அமிழும் சதுப்பு நிலத்தை வெள்ளையர் விரும்பவில்லை. எவரும் விரும்பாத நிலத்தில்தான் எவரும் விரும்பாத மக்கள் குடியேற முடிந்தது. பள்ளத்தில் வாழ்வது அவர்களுடைய அறியாமையால் நேர்ந்தது என்று இன்று பேசுவோர், இந்தப் பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இருபது ஆண்டுகளுள் அந்தச் சதுப்பு நிலம் ஓர் ஊராயிற்று. 1885ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி அது தன்னாட்சியுள்ள பட்டினமாகப் பதிவு பெற்றது. அடிமையாய்ப் பிறந்து தச்சுத் தொழில் செய்து வாழ்ந்த டேர்னர் பிரின்ஸ் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கறுப்பின மக்கள் தாமே அமைத்துச் சட்டப்படி பதிவு செய்த அமெரிக்க ஊர்களுள் மிகப் பழையது என்று அது போற்றப்படுகின்றது. தம் சபைக்குத் தாமே உறுப்பினரைத் தெரிந்தெடுத்துத் தம் அலுவலைத் தாமே பார்த்த மக்கள் அவர்கள். நான் சொல்லப்போகும் வழக்கின் உயிர்நிலை இதுவே.

அணையும் அதன் மயக்கமும்

ஆறு அவர்களை மறக்கவில்லை. 1919இலும், 1924இலும், 1940இலும், 1958இலும் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மக்கள் மீண்டும் வீடு கட்டினர். ஈற்றில், சமஷ்டி அரசாங்கத்தின் இராணுவப் பொறியியலாளர் படை ஏறத்தாழ மூன்று மைல் நீளமான மண்ணணை ஒன்றை எழுப்பியது. 1967இல் அது நிறைவுற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் நனையவில்லை.

ஆயினும் அணை ஒரு மயக்கத்தையும் உடன் கொண்டுவரும். அணை நிற்கும் இடத்தில் அச்சம் நீங்கும். அச்சம் நீங்கிய இடத்தில் வீடுகள் பெருகும். காப்புறுதி எடுப்போர் தொகை குறையும். ‘நூறாண்டு வெள்ளம்’ என்றொரு சொல்லைப் பொறியியலாளர் வழங்குவர். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று சாதாரண மக்கள் அதனைப் பொருள் கொள்வர். உண்மைப் பொருள் அதுவன்று. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடைய வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கிய ஒருவர், கடனை அடைத்து முடிப்பதற்குள் அத்தகைய வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகும். இந்தக் கணக்கை மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வது ஆட்சியின் கடமை. அது செய்யப்படாத இடங்களில், அணையை நம்பி வாழும் மக்கள் தம்மையறியாமலே சூதாட்டத்தில் அமர்த்தப்படுகின்றனர்.

காற்று ஓய்ந்தபின் எழுந்த ஆறு

1999 செப்டெம்பர் முற்பகுதியில் டெனிஸ் என்னும் புயல் வட கரோலினாவில் பெருமழை பொழிந்து நிலத்தை ஊறவைத்துச் சென்றது. இரண்டு வாரங்கள் கழியுமுன், செப்டெம்பர் 16ஆம் திகதி, புளோயிட் சூறாவளி கரையேறியது. ஊறிய மண் மேலும் நீரை உறிஞ்சுமா? பெய்த மழை முழுவதும் ஆற்றில் இறங்கிற்று. காற்று ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரே ஆறு தன் உச்சத்தை எட்டியது. புயல் போய்விட்டது என்று மக்கள் ஆறுதல் கொள்ளும் வேளையில்தான் ஆற்றங்கரை ஊர்களுக்கு உண்மையான ஆபத்து வருகின்றது. தார்பரோவில் 19 அடியை எட்டினாலே வெள்ளம் எனக் கருதப்படும் ஆறு, அன்று 41 அடியைக் கடந்தது. பிரின்ஸ்வில் முழுவதும் நீருள் மறைந்தது. பல நாட்களாக நீர் வடியவில்லை. இடுகாட்டிலிருந்து பிரேதப் பெட்டிகள் மேலெழுந்து மிதந்தன. வாழ்ந்தோரும் இடம் இழந்தனர். மாண்டோரும் இடம் இழந்தனர்.

அந்நிலையில் சமஷ்டி அரசின் அனர்த்த முகாமை நிறுவனம் ஒரு யோசனையை முன்வைத்தது. வெள்ளத்துக்கு முன்பிருந்த சந்தை விலையில் வீடுகளை அரசு வாங்கிக்கொள்ளும். மக்கள் வேறிடம் செல்லலாம். வாங்கிய நிலத்தில் இனி எக்காலத்திலும் எவரும் குடியிருக்க முடியாது, அது திறந்த வெளியாகவே கிடக்க வேண்டும். அன்றேல், அணையைத் திருத்தித் தருவோம். மக்கள் அங்கேயே வாழலாம். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தது.

1999 நவம்பரில், டீலியா பேர்க்கின்ஸ் அம்மையார் மேயராக இருந்த பட்டின சபை கூடி வாக்களித்தது. அணையைத் திருத்தி ஊரிலேயே இருப்பது என்பதற்கு மூவர். வீடுகளை விற்று வெளியேறுவது என்பதற்கு இருவர். ஒரே ஒரு வாக்கால் ஊர் நிலைத்தது.

அந்த இருவரையும் நான் குறைகூற மாட்டேன். பிள்ளைகளை மீண்டும் அந்தப் பள்ளத்தில் உறங்க வைப்பதா என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் மூவரின் நியாயத்தையும் நாம் உணர வேண்டும். அரசு தர முன்வந்தது வீட்டின் விலை. வீட்டுக்கு விலை உண்டு. ஊருக்கு விலை உண்டா? தனித்தனியே நட்டஈடு பெற்றுத் தனித்தனியே சிதறியபின், அச்சபை எங்கே? 1885ஆம் ஆண்டின் பதிவு எங்கே? நட்டஈட்டுச் சட்டம் தனிமனிதனைக் காண்கிறது, சமுதாயத்தைக் காண்பதில்லை. இது சட்டத்தின் கண்ணிலுள்ள குறை.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜனாதிபதி கிளின்ரன், பிரின்ஸ்வில்லின் எதிர்காலத்திற்கென்றே ஓர் ஆலோசனைச் சபையைக் கட்டளை மூலம் நிறுவினார். அவ்வாண்டுக் குடிசன மதிப்பில் ஊரில் எண்ணப்பட்டோர் 940 பேர் மட்டுமே. மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். 2010இல் தொகை மீண்டும் இரண்டாயிரத்தைக் கடந்திருந்தது.

திறந்து கிடந்த வழி

2016 ஒக்டோபரில் மத்தியூ சூறாவளி வந்தது. இம்முறை ஆறு 36 அடியளவில்தான் உயர்ந்தது. நீர் அணையின் தலைக்கு மேலால் பாயவில்லை. அணையின் வடமுனையைச் சுற்றியும், நெடுஞ்சாலையின் கீழிருந்த கதவில்லாத மதகுகளின் வழியாகவும் உள்ளே புகுந்தது. வீடுகளில் பெரும்பாலானவை மீண்டும் மூழ்கின. வெள்ளம் புகுந்த ஆரம்பப் பாடசாலை 2020 வரை திறக்கப்படவில்லை.

1999இலும் நீர் வந்த வழிகளுள் இவை அடங்கும். அப்படியாயின் பதினேழு ஆண்டுகளாக அவை ஏன் திறந்து கிடந்தன? இதற்கு விடை அந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது.

1936ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு விதியை வகுத்தது. ஒரு வேலையால் விளையும் நன்மை அதன் செலவிலும் கூடியதாயின், சமஷ்டி அரசு அவ்வேலையில் இறங்கலாம் என்பது அது. மக்களின் உயிரும் சமூகப் பாதுகாப்பும் பாதிக்கப்படுவதையும் அதே வாக்கியம் குறிப்பிடுகின்றது. ஆனால் நடைமுறையில் எடை போடப்பட்டது பெரும்பாலும் பணமே. நன்மை என்பது, தவிர்க்கப்படும் சொத்துச் சேதத்தின் பெறுமதி என்றாயிற்று. செல்வர் குடியிருக்கும் கடற்கரையில் ஒரு மாளிகை காப்பாற்றப்பட்டால் தட்டு தாழ்கின்றது. ஏழையின் பத்து வீடுகள் காப்பாற்றப்பட்டாலும் தட்டு அசைவதில்லை. வெள்ளம் ஒருமுறை வந்தால் மக்கள் சிலர் வெளியேறுவர்; மிஞ்சிய வீடுகளின் விலை வீழும்; அடுத்த முறை கணக்குப் பார்க்கையில் நன்மை இன்னும் குறைந்து தோன்றும். முன்னைய புறக்கணிப்பே பின்னைய புறக்கணிப்புக்குச் சான்றாக நீதிமன்றில் நிற்கிறது!

அணையை நீட்டி மதகுகளுக்குக் கதவிடும் திட்டத்துக்கு, 2016 டிசெம்பரில் கொங்கிரஸ் சபை அங்கீகாரம் அளித்தது. அதற்கென ஏறத்தாழ 4 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது 2020 ஜனவரியில். புளோயிட் வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் பின்னரும், புதிய கணிப்புகளின்படி அத்திட்டம் நீரை அயலிடங்களுக்குத் தள்ளிவிடும் என்று கூறிப் பொறியியலாளர் படை திட்டத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. அயலாரை மூழ்கடித்து வாழ எவரும் விரும்பார். ஆயினும் தாமதத்தின் விலையைச் செலுத்துவோர் அவ்வூர் மக்களே என்பதை மறந்துவிடலாகாது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் வானம் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். மழை வளர்கின்றது; கோப்பு மட்டும் நகர்வதில்லை.

உறுதி இல்லாத காணி

சட்டத்தரணி என்ற முறையில் இன்னுமொன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்களின் காணிகள் பல, மரணசாசனம் எழுதப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியவை. பங்கு பிரிக்காத முதுசக் காணி என்றால் உங்களுக்கு விளங்கும். நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நம்பப் பழகாத மக்கள், பேச்சளவில் காணியைக் கைமாற்றினர். வெள்ளத்தின் பின் நிவாரணம் கேட்டுச் சென்றபோது, “உன் பெயரில் உறுதி எங்கே?” என்று கேட்கப்பட்டது. மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீட்டிற்கு உரிமையாளர் அல்லர் என்று பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். 2021 செப்டெம்பரில்தான், வேறு ஆவணம் இல்லாதவிடத்துச் சொந்தச் சத்தியக் கூற்றையும் ஏற்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஒரு விதியைத் தளர்த்தப் பேனாவின் ஒரு கீறல் போதும். அதற்கு இத்தனை வெள்ளங்கள் வேண்டியிருந்தன.

நாம் கொள்ளத்தக்கவை

பிரின்ஸ்வில் மக்கள் வெறுங்கையுடன் காத்திருக்கவில்லை. மத்தியூவின் பின்னர், மேயர் பொபி ஜோன்சின் காலத்தில், வெள்ளம் எட்டாத மேட்டில் 53 ஏக்கர் நிலம் பெறப்பட்டு ஊரின் எல்லையுள் சேர்க்கப்பட்டது. பள்ளத்திலிருந்து நகரவும் வேண்டும், ஊராகவே இருக்கவும் வேண்டும் என்பார்க்கு இது ஒரு வழி. 1999இல் அவர்கள் முன் வைக்கப்பட்ட இரண்டு தெரிவுகளில் இவ்வழி இருக்கவில்லை. அன்றே இது முன்வைக்கப்பட்டிருந்தால் மூவரும் இருவரும் ஒருங்கே கையுயர்த்தியிருக்கக்கூடும் அல்லவா?

எனவே ஆபத்துள்ள நிலத்தில் வாழும் எந்த மக்களுக்காகப் பேசுவோரும் மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, ஆபத்தின் அளவை மறைக்காமல் மக்கள் மொழியில் சொல்ல வேண்டும். அணை உண்டு என்று சொல்பவர், அணையின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கும்போது வீட்டின் விலையை மட்டும் நிறுக்காமல் உயிரையும் சமுதாயத்தையும் நிறுக்க வேண்டும். மூன்றாவது, இடம்பெயர்வதே அறிவுடைமையாயின், அதை அம்மக்களே தம் சபையில் கூடித் தீர்மானிக்க வேண்டும். போகும் இடமும் ஒன்றாகப் போகும் வசதியும் முன்கூட்டியே அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். வேறு வழியே இல்லாதவனிடம் பெறும் சம்மதம் சட்டத்தில் சம்மதமாகாது.

பிரின்ஸ்வில் மக்கள் தார் ஆற்றோடு வழக்காடவில்லை. ஆறு தன் வழியே போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேட்டு நிலத்தைப் பங்கிட்டவர்களோடும், தட்டின் எந்தப் பக்கத்தில் எதை வைப்பது என்று தீர்மானிப்பவர்களோடுமே அவர்களுடைய வழக்கு. அது இன்னும் முடியவில்லை. அதன் தீர்ப்பை நாமும் கவனித்திருப்போமாக.