முடிவின்றிச் சுழலும் வரி



டெட்ராயிட் என்றவுடன் மோட்டார் கார்களை நினைப்பது நம் வழக்கம். ஆயினும், மோட்டவுன் என்னும் புகழ்பெற்ற ரெக்கார்டு கம்பெனி 1972-ஆம் ஆண்டில் அந்நகரை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பின்பு, பெரிய நிறுவனம் எதனுடைய தயவையும் எதிர்பாராமல், கைப்பணத்தைப் போட்டுத் தாங்களே இசைத்தட்டுக்களை வெளியிடத் துணிந்த சில இளைஞர்களின் சரித்திரமே எனக்கு அந்நகரின்மீது தீராத பிரியத்தை உண்டாக்கியது. ஜுவான் அட்கின்ஸ் 1985-இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற பெயரிலும், அவருடைய பள்ளித் தோழர்களான டெரிக் மேயும் கெவின் சாண்டர்சனும் அதனையடுத்து டிரான்ஸ்மாட், கே.எம்.எஸ். என்ற பெயர்களிலும் தொடங்கிய சிறு கம்பெனிகளிலிருந்துதான் டெக்னோ என்னும் யந்திர சங்கீதம் உலகெங்கும் பரவியது. அண்டை நகரமான சிகாகோவில் லாரி ஹெர்ட் வழியாகத் தோன்றிய டீப் ஹவுஸ் என்னும் சாந்தமான வகையும், பின்னர் டெட்ராயிட்டிலேயே மூடிமேன், தியோ பாரிஷ் முதலியோர் தத்தம் சொந்தக் கம்பெனிகளில் வெளியிட்ட தட்டுக்களும் தனித்தனியே பேசத் தக்கவை. அவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லப் புகுந்தால் எனக்கு அளிக்கப்பட்ட நேரம் பெயர்ப் பட்டியலிலேயே கழிந்துவிடும். ஆகையால், அந்தத் தட்டுக்களின் உறைகளில் பெரிய எழுத்தில் காணப்படாத ஒரு மனிதரைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ரான் மர்ஃபி. நேஷனல் சவுண்ட் கார்ப்பொரேஷன் என்ற தம் கூடத்தில், மேற்கூறிய இளைஞர்கள் கொண்டுவந்த ஒலிநாடாக்களைத் தட்டில் வெட்டிக் கொடுத்தவர் அவர். பாட்டை இயற்றியவர் ஒருவர், வெளியிட்டவர் ஒருவர் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். சுதந்திரக் கம்பெனிகளின் தட்டுக்களைப் பொறுத்தவரை, வெட்டியவரையும் அந்தச் சிருஷ்டியில் பங்காளியாகவே கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெட்டுதல் என்றால் என்ன? அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசிய வழவழப்பான தட்டு ஒன்று சுழல்கிறது. அதன்மேல் மாணிக்கம் அல்லது நீலக்கல்லால் ஆன கூரிய ஊசி இறங்கி, சங்கீதத்தின் அதிர்வுக்கு ஏற்ப அசைந்தவாறே, வெளி ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஒரே நீண்ட வரியைக் கீறிக்கொண்டு போகிறது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிக்கு ஊசி அகலமாக அசைய வேண்டியிருப்பதால், அத்தகைய ஒலி மிகுந்த பாட்டு தட்டில் அதிக இடத்தைக் கேட்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டுக்களை அடைக்கும் தட்டில் அவ்வளவு இடம் கிடையாது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு என்று தாராளமாக ஒதுக்கும்போதுதான் நடனக்கூடத்தின் தரையை அதிரச் செய்யும் அந்த முழக்கம் வரியில் முழுமையாக இறங்கும். அப்பொழுதும், அந்தத் தாழ்ந்த ஒலி இடது வலது என்று சிதறாமல் நடுவில் நிற்கும்படி வெட்டுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் வரியின் ஆழம் கூடிக் குறைந்து, கேட்பவர் வீட்டு ஊசி துள்ளி வெளியே குதித்துவிடும்.

இனி, என் மனம் மிகவும் லயித்த விஷயத்துக்கு வருகிறேன்.

பொதுவாக இசைத்தட்டுக்களில், பாட்டு முடிந்தபின் ஊசி மையக் காகிதத்தின்மேல் ஏறிவிடாதபடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் மௌனமான வளையம் ஒன்று இருக்கும். வெட்டும் ஊசியை உட்புறமாக நகர்த்தும் விசையை நிறுத்திவிட்டால், வரி தன்னைத்தானே சந்தித்து மூடிக்கொள்கிறது. அந்த மூடிய வரிக்குள் மௌனத்துக்குப் பதிலாகத் தாளத்தையே வைத்துவிட்டால் என்ன? ஜெஃப் மில்ஸ் என்ற டெட்ராயிட் கலைஞரும் மர்ஃபியும் சேர்ந்து இந்த யோசனையைச் சாதித்துக் காட்டினர். சனிக்கிரகத்தின் வளையங்களைக் கருவாகக் கொண்டு எக்ஸ்-102 என்ற பெயரில் 1992-இல் வந்த தட்டிலும், மில்ஸ் தம் சொந்தக் கம்பெனியான ஆக்ஸிஸில் 1994-இல் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ என்ற தட்டிலும் இந்தக் கூட்டு முயற்சியின் பெருமையை உணரலாம். பின்னதில், ஒரு பக்கத்தில் தனித்தனி வளையங்களாகவே தாளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

நேயர்களே, கையில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்தச் சுற்றுக்குள் நான்கு தாள அடிகளை அடக்கினால், நிமிடத்துக்கு 133⅓ அடிகள் ஆகின்றன. கலைஞருக்கு 130 பிடித்தாலும் 136 பிடித்தாலும் தட்டு இணங்காது. சுழலும் வேகமே காலப்பிரமாணத்தை விதித்துவிடுகிறது. ஒலிநாடாவில் ஒரு சுற்றுக்குரிய தாளத் துண்டு ஓர் இம்மி நீண்டாலும் குறைந்தாலும், வரி மூடும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு பிசிறு சுற்றுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். நம் வித்துவான் ஆவர்த்தனத்தை முடித்துச் சமத்தில் வந்து விழுவதைப் போலவே வரி வந்து விழ வேண்டும்; அதுவும், திருத்தவே இயலாத லாக்கரின்மேல், முதல் முயற்சியிலேயே விழ வேண்டும். ஒலிபரப்பில் தட்டுக்களைக் கையாண்டே காலத்தைக் கழித்த எனக்கு, இதைக்காட்டிலும் நுட்பமான கைத்திறனைச் சொல்லத் தெரியவில்லை.

வெளிநாடு சென்று திரும்பிய நண்பர் ஒருவர் அந்த ‘சைக்கிள் 30’ தட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வானொலி நிலையத்தில் எந்தத் தட்டையும் விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்த பின்பே சுழல்மேடையில் வைப்போம்; முழக்கமான இடங்களும் மெல்லிய இடங்களும் வெளிச்சத்தில் வெவ்வேறாகப் பளபளக்கும். இந்தத் தட்டிலோ, தொடர்ச்சியான பளபளப்புக்குப் பதிலாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து நின்ற வளையங்களைக் கண்டேன். ஊசியை இறக்கினேன். தாளம் ஒலித்தது, ஊசிக்கை அசையாமல் நின்றது. ஒரே இடத்தில் சுற்றும் ஊசியைக் கண்டால் பாய்ந்து தூக்குவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கமாதலால், பக்கத்தில் இருந்த இளம் அறிவிப்பாளர் பதறி எழுந்துவிட்டார். அவரை உட்காரச் சொல்லி இருவருமாகக் கேட்டோம். முதலில் சலிப்பூட்டும் என்று தோன்றிய நான்கு தாள அடிகள், கேட்கக் கேட்க, உள்ளே ஒளிந்திருந்த சிறு ஓசைகளை ஒவ்வொன்றாகக் காட்டின. காது தானே அவற்றைப் புதிது புதிதாக அடுக்கிக்கொண்டது. பின்னர், பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும் இதைப் போட்டுக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைக்கும் விசை சுழல்மேடையில் உண்டல்லவா? அதை அடிவரை இழுத்தால் 133⅓ என்பது சுமார் 123 ஆகிறது; டெக்னோ தளர்ந்து டீப் ஹவுஸின் நடைக்கு வந்துவிடுவதை அவர்கள் தங்கள் காதாலேயே உணர்வார்கள்.

வெட்டிய தட்டுக்கு வெள்ளி பூசி, நிக்கல் அச்செடுத்து, வினைலை அழுத்தி வார்க்கும் கட்டங்களை விரித்துரைக்க இன்று அவகாசமில்லை. டெட்ராயிட்டில் ஆர்ச்சர் என்ற குடும்பத்தார் 1965 முதல் அந்தத் தொழிலை நடத்திவருகிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்நகரின் சிறு கம்பெனிகளுக்கு அவர்கள் பக்கபலம். 

மர்ஃபி 2008-இல் காலமானார். அவர் வெட்டிய தட்டுக்களில், பாட்டு முடிந்தபின் உள்ள வெற்றிடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், ‘என்.எஸ்.சி.’ என்ற மூன்று எழுத்துக்கள் கையால் கீறப்பட்டிருக்கும். அவரைப் போன்றோர் வெட்டுவதற்கு வேண்டிய லாக்கர் தட்டைச் செய்யும் தொழிற்சாலைகளோ, அண்மைக்காலத்தில் உலகில் இரண்டே இரண்டாக இருந்தன. அவற்றுள் கலிபோர்னியாவில் இருந்த அப்பல்லோ 2020 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. ஜப்பானில் உள்ள ஒன்றே அன்று மிஞ்சியது. ரசாயனமும் யந்திர நுட்பமும் பயிலும் இளைஞர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களில் ஒருவராவது இந்தத் தட்டுத் தயாரிப்பில் மனத்தைச் செலுத்த மாட்டாரா என்பது என் ஆசை. வீட்டுப் பரணில் சுழல்மேடை வைத்திருப்பவர்கள் அதை இறக்கித் துடைத்து, ஊசியை மாற்றி, மூடிய வரி உள்ள தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.