பசியின் சொல்



தேயிலைத் தோட்டத்தில் நிறுவைக்குத் தப்பும் பொருள் அரிது. பறித்த கொழுந்தை நிறுக்கிறோம். ஒரு காலத்தில் குடும்பத்துக்குரிய அரிசியையும் தோட்டத்திலேயே அளந்து கொடுத்தார்கள். பிறர் அளந்ததை உண்டு வளர்ந்தவர்களுக்குத் தம் வயிற்றின் அளவு தமக்கே தெரியும் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அரிசியும் மாவும் சீனியும் அரிதாகி, மலைநாட்டு லயங்களில் பட்டினியால் மாண்டோர் பலர். அன்று சிறுவராயிருந்தோர் இன்று பாட்டன் பாட்டியர். கிடைக்கும்போதே உண்டுவிடு, தட்டில் மிச்சம் வையாதே என்பது அவர்கள் பட்டுத் தெரிந்த பாடம். அதை நான் குறை கூறமாட்டேன்.

ஆனால் பேரன் இப்பொழுது பதுளை நகரில் ஒரு கடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறான். தட்டோ மலையேறிய பாட்டனுடைய தட்டு. உடல் பருக்கிறது, நீரிழிவு எட்டிப் பார்க்கிறது. உடனே காலையுணவை விடுகிறான், சோற்றை ஒதுக்குகிறான். ஒரு மாதம் எடை இறங்குகிறது. பின்பு ஒரு கலியாண வீடு, விரதம் கலைகிறது, இறங்கிய எடை வட்டியோடு திரும்புகிறது.

இதில் அவனுடைய மனவுறுதியைப் பழிப்பது தவறு. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர், 36 இளைஞர்களின் உணவை ஆறு மாத காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். அவர்கள் இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைய உண்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. உடலுக்குப் பஞ்சமும் பத்தியமும் ஒன்றே. 1995இல் ஈவ்லின் திரிபோல், எலீஸ் ரெஷ் என்ற இரு உணவியலாளர்கள், பத்தியத்தை விட்டுப் பசியையும் நிறைவையும் கேட்டு உண்ணும் முறையை நூலாக எழுதினார்கள். வள்ளுவரும் 'மருந்து' என்ற அதிகாரத்தில் பெரிதும் பேசுவது, செரித்ததறிந்து அளவாக உண்பதைத்தானே!

பசி மெல்ல வரும். ரொட்டியானாலும் கிழங்கானாலும் ஏற்கும். ஆசை திடீரென்று வந்து ஒரே பண்டத்தைக் கேட்கும். அப்புத்தளையில் மூடுபனி இறங்கும் மாலையில் நாம் தேடும் சீனித் தேநீர், பல சமயம் குளிருக்கும் களைப்புக்குமே ஆறுதல். அதைக் குடிக்கலாம், பசியென்று எண்ணிப் பிஸ்கட்டையும் உடன் சேர்க்க வேண்டியதில்லை.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இது கடினம் என்பதை நான் அறிவேன். வெறும் வயிற்றோடு பிரட்டுக்குப் போய், பகலில் கிடைக்கும் சிறு இடைவேளையில் மூன்று ரொட்டியை விரைந்து விழுங்குகிறார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிடமாகும். அதற்குள் ரொட்டி தீர்ந்துவிடும். காலையில் ஒரு ரொட்டியாவது உண்டு புறப்பட்டால், பகலில் அந்த ஆவேசம் இராது.

எடை இத்தனை இறாத்தல் குறையும் என்று நான் வாக்களிக்கவில்லை. சிலருக்குக் குறையாமலும் போகலாம். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ பெறுவோர் வைத்தியரைக் கேளாமல் வேளை மாற்றலாகாது. போதிய உணவே கிடையாத தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இப்பேச்சு உரியதன்று.

மற்றையோர் இன்றிரவு முதற் கவளத்தின் சுவையைக் கவனித்துப் பாருங்கள். அந்தச் சுவை மங்கும்போது சற்றே நிறுத்துங்கள். மீதியைப் பாட்டி பார்த்தால் முகம் வாடும். அவர் கண்முன்னேயே அதை மூடி வைத்து, காலையில் உண்போம் என்று சொல்லுங்கள்.