வளர்ந்தவர்க்கும் ஓர் இடம் வேண்டும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தொற்றுநோயன்று. மூளை வளர்ச்சியில் இயல்பாக அமைந்த வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் சிறுவர் சிலரிடத்தே இதனைக் கண்டு எழுதினார். இன்றளவும் நாம் இதனைக் குழந்தைகளின் செய்தியாகவே எண்ணுகின்றோம். குழந்தை வளராதா? 18 வயதில் பள்ளியின் வாயில் அடைபடுகின்றது. "எங்களுக்குப் பின் யார்?" எனப் பெற்றோர் கலங்குகின்றனர். அதற்கு ஊர்தான் விடை கூற வேண்டும்.

கானர் எழுதிய சிறுவருள் முதல்வர் டொனால்டு டிரிப்ளெட். அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வங்கிப் பணியாற்றி, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவ்வூரார் அவரை அவர் இயல்போடு ஏற்றுக்கொண்டனர்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பெற்றோர் சங்கங்கள் பதிவு பெறலாம். தேவைப்படுவோர்க்குக் காப்பாளரை நியமிக்க உள்ளூர்க் குழுக்களும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இவர்தம் உரிமையை ஏற்றது. சட்டம் இருக்கின்றது, கூடுவதற்கு இடந்தான் இல்லை.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மவர் பலர் விடியலிலேயே பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். மதியிறுக்கமுடையவரோ முதிய பெற்றோருடன் வீட்டிலேயே அடைந்து கிடக்க நேர்கின்றது.

ஆகவே நான் வேண்டுவது சங்கத்தின் ஓர் அறை. வாரத்தில் ஒரு பிற்பகல். இரயில்வே எழுத்தனாகிய எனக்குக் கால அட்டவணையின் அருமை தெரியும். வண்டி வரும் நேரம் அறிந்தவன் கலங்காது காத்திருப்பான். இவர்களிற் பலர்க்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை என்பது பேராறுதல். மாற்றம் உண்டெனில் முன்னரே அறிவிப்போம். ஒலிபெருக்கி வேண்டா, கண்கூசும் விளக்கும் வேண்டா. பேசுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. உடன் அமர்ந்திருத்தலும் நட்பே. அங்கு என்ன செய்வதென அவர்களையே கேட்போம். சொல்லாலோ, எழுத்தாலோ, படத்தாலோ அவர்கள் விடையளிக்கட்டும். கன்னடம், தெலுங்கு, உருது பேசும் இல்லத்தார்க்கும் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்தால், பதிவு பெற்ற சங்கம் அங்கிருந்தே உருவாகும்.

பிழைக்க வந்த ஊரில் கூடுமிடத்தின் அருமையை உணர்ந்தவர் நாம். அவ்விடத்தில் இவர்கட்கும் பங்களிக்குமாறு செயற்குழுவைப் பணிவுடன் வேண்டி அமைகின்றேன்.